பத்து மாதம் இருபத்து நான்கு நாள்

கூட்டலில் குழப்பம் அறியாத கூர்மதியே! கழித்தலிலும் கருணை கைவிடாத கண்ணியமே! முப்பது ஆண்டுகள் நிதித்துறையின் வரவு செலவுத் திட்டப் பிரிவிலும், நான்கு ஆண்டுகள் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள படிவக் கிடங்கிலும் பணியாற்றி, எண்களை ஏமாற்றவும் எண்களால் ஏமாறவும் ஒருசேர மறுத்து, இன்று மாலையுடன் ஓய்வு பெறும் எங்கள் கண்காணிப்பாளர் அவர்களே! பதவிப் பெயரை மறந்து பிரிவு முழுவதும் ‘அக்கா’ என்று அழைத்த அன்புக்குரியவரே! தங்களுக்கு எங்கள் வணக்கம்.

படிவக் கிடங்கு என்ற இரண்டு சொற்களை இந்த மடலில் தவிர்க்கலாமே என்று எங்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டது. பாராட்டு மடலுக்கென்று துறையில் ஓர் அச்சடித்த மாதிரி இருக்கிறது. பெயருக்கு ஒரு கோடு, ஆண்டுகளுக்கு ஒரு கோடு. கடமை, கண்ணியம், கனிவு, புன்னகை மாறா முகம் ஆகியவை ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். சென்ற மாதம் ஓய்வு பெற்ற ஓட்டுநருக்கும் அதற்கு முந்தின மாதம் ஓய்வு பெற்ற இயக்குநருக்கும் அதே புன்னகைதான். அந்த மாதிரியை நாங்கள் தொடவில்லை. எங்கள் வரைவுகளில் அடைமொழியைக் கண்டால் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதித் திருப்பி அனுப்பியவர் தாங்கள். மேலே எழுதிய கூர்மதிக்கும் கண்ணியத்துக்கும் ஆதாரம் காட்ட நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனிச் சிறிது நேரம் இந்த மடல் ‘தாங்கள்’ என்று பேசாது. ‘அவர்’ என்றே பேசும். தங்களைப் பார்த்துச் சொன்னால் நடுவில் எழுந்து எங்களைத் திருத்துவீர்கள். தவிரவும், நடந்தது தங்களுக்குத் தெரியும். தெரிய வேண்டியவர்கள் முன்வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

இருபத்து நான்கு வயதில் இளநிலை உதவியாளராக அவர் வந்து சேர்ந்த அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. நீண்ட அறை, மூன்று சன்னல்கள். ஒன்று திறக்காது. இன்னொன்றைத் திறந்தால் மின்தூக்கியின் மோட்டார் காதுக்குள் ஓடும். மூன்றாவதன் கீழே அவருடைய மேசை. முற்பகல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நாற்காலியை நகர்த்த மாட்டார். எண் தெளிவாகத் தெரியும் இடம் அதுதான் என்பார். ஓர் எண்ணைச் சரிபார்த்து முடித்ததும் அதன் தலைமேல் பென்சிலால் சிறு புள்ளி வைப்பது அவர் வழக்கம். புதிதாக வந்தவர்கள் அதைத் தசமப் புள்ளி என்று நினைத்து அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டதும் உண்டு. தலையில் புள்ளி வைத்தால்தானே எழுத்து மெய்யாகிறது, எண்ணுக்கும் அப்படித்தான் என்று சொல்லிச் சிரிப்பார். புள்ளி விழாத எண் அந்த அறையின் வாசலைத் தாண்டியதில்லை.

வரி, கட்டணம், மற்ற வரவுகள் எல்லாம் சேர்ந்து வரும் ஆண்டில் அரசுக்கு எவ்வளவு கிடைக்கும், அதில் எந்தத் துறைக்கு எதற்காக எவ்வளவு ஒதுக்கலாம் என்று வரிவரியாக எழுதி அச்சுக்கு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. கனத்த நான்கு தொகுதிகள். சட்டப்பேரவையில் மேசைக்கு மேசை வைப்பார்கள். முழுதாகப் படிப்பவர் எவரும் இல்லை. யாரும் படிக்காத புத்தகத்தில் பொய் எழுதுவது மிகவும் எளிது. அதனால்தான் அதை எழுதுகிறவருக்கு மனசாட்சி இரண்டு மடங்கு வேண்டும் என்பது அவர் கட்சி.

வரவுப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார். இது ஒருமுறை வருமா, ஒவ்வொரு முறையும் வருமா? நிலத்தை விற்ற பணம் ஒருமுறை வரும். செவிலியரின் சம்பளம் ஒவ்வொரு மாதமும் போகும். முன்னதை வைத்துப் பின்னதைக் கொடுக்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு விற்க இன்னொரு நிலம் வேண்டும், அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று வேண்டும். இதைச் சொன்னதற்காக அவரைக் கஞ்சம் என்றார்கள், நச்சு என்றார்கள், பணம் என்னவோ அவர் பெட்டியிலிருந்து போகிற மாதிரி பேசுகிறார் என்றார்கள். ஆம், அப்படித்தான் பேசினார். ஊரார் பணத்தைத் தன் பணம்போல் எண்ணிப் பேசியவர் ஒருவர் இருந்தார் என்பதே இந்தக் கட்டடத்துக்குப் பெருமை. ஊரார் பணத்தைத் தன் பணம்போல் செலவிட்டவர்களுக்கு இங்கே எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

இனி அந்த ஆண்டுக்கு வருகிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வரவு சரிந்தது. வாகன விற்பனை படுத்தது, பத்திரப்பதிவு குறைந்தது, இரண்டு பெரிய ஆலைகள் கதவைச் சாத்தின. நூறு வரும் என்று அச்சடித்திருந்த இடத்தில் எண்பத்தெட்டுதான் வரும் என்று பாதி ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. இதைக் கேட்டு மேலிடம் அதிர்ச்சி அடைந்தது என்று செய்தி வந்தது. அதிர்ச்சி எதற்கு என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. தொண்ணூற்றொன்றுக்கு மேல் வராது என்று ஆண்டின் தொடக்கத்திலேயே கண்காணிப்பாளர் எழுதிக் கொடுத்திருந்தார். தொண்ணூற்றொன்று என்றால் அறிவிப்புகள் மங்கிப்போகும் என்று சொல்லி அதை நூறாக்கியவர்கள் வேறு. ஒன்பதை எங்கிருந்து கொண்டு வந்தார்கள்? ஆசையிலிருந்து. ஆசையை வரவில் எழுதலாம் என்று எந்தக் கணக்குப் பள்ளி கற்றுத்தருகிறது?

ஓட்டை தெரிந்ததும் சுற்றறிக்கை வந்தது. இரண்டே வரிகள். வரும் ஆண்டுக்கு எல்லாத் துறைகளிலும் எல்லாச் செலவு இனங்களிலும் பத்து விழுக்காடு குறைக்க வேண்டும், விதிவிலக்கு கிடையாது. இதை வடித்தவர் அப்போதைய துணைச் செயலர். எந்தக் குறையையும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிச் சமன் செய்துவிடும் திறமையால் அவருக்குப் பிரிவில் ‘சரிக்கட்டு’ என்று ஒரு பெயர் உண்டு; அது அவர் காதுக்கும் எட்டியதுதான். எல்லோருக்கும் சமமாகக் குறைப்பதே நியாயம் என்று கூட்டத்தில் விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. விழா மேடைக்கு வைக்கும் பூந்தொட்டியும் குழந்தைக்குப் போடும் தடுப்பூசியும் அவர் தராசில் ஒரே எடை.

அந்த வாரம் கண்காணிப்பாளர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அவர் கணவர் அலுவலகம் வந்தார். அவர் தையற்காரர், கடைவீதியில் முப்பது ஆண்டாகச் சொந்தக் கடை. இதோ, மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். தேநீர் கொடுத்து, சும்மா பேச்சுக்கு, பத்து விழுக்காட்டைப் பற்றி அவரிடம் கேட்டோம். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“துணி பத்தலைன்னா நான் பையை விட்டுடுவேன். முழுக்கையை அரைக்கை ஆக்குவேன். அதையும் வெட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். எல்லா அளவுலயும் பத்துல ஒண்ணு குறைச்சா கழுத்தும்தானே குறையும்? அந்தச் சட்டையை ஒருத்தனும் போட முடியாது. தப்பித்தவறிப் போட்டுட்டா கழட்ட முடியாது.”

நாங்கள் சிரித்தோம். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களுக்குத் திரும்பினார்.

குறைப்பு வேலையைக் கணினி செய்தது. தாளுக்குத் தாள் கையால் மாற்ற நேரமில்லை என்று, ஒவ்வொரு தாளிலும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண்ணைப் பத்து விழுக்காடு குறை என்று எங்கள் கணினி இயக்குநர் ஒரே கட்டளை கொடுத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தாள்களில் கடைசிக் கட்டத்தில் இருந்தது ஒதுக்கீட்டுத் தொகை. ஒரே ஒரு தாள் மட்டும் பழைய அமைப்பில் இருந்தது. அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆறு இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுகளுக்கான தாள் அது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம். அங்கே இயந்திரங்களை இயக்கும் வேலை மாதக் கட்டண ஒப்பந்தத்தில் நடந்தது. ஆகவே அந்தத் தாளில் முதல் கட்டத்தில் பிரிவுகளின் எண்ணிக்கை, இரண்டாவதில் மாதக் கட்டணம், கடைசிக் கட்டத்தில் மாதங்கள். மூன்றையும் பெருக்கி வரும் தொகை அடியில் தனியாக இருக்கும்.

கணினி, சொன்னதைச் செய்தது. பன்னிரண்டு மாதத்தைப் பத்து விழுக்காடு குறைத்து 10.8 என்று போட்டது.

அடியில் தொகை பத்து விழுக்காடு குறைந்து, கேட்டபடியே கச்சிதமாக வந்திருந்தது. தொகை சரியாக இருந்ததால் மேலே யாரும் பார்க்கவில்லை. உதவியாளர் பார்த்தார், பிரிவு அலுவலர் பார்த்தார், ஐந்து மேசைகளைத் தாண்டியது. பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவான ஓர் ஆண்டு, ஐந்து பேர் சுருக்கொப்பத்தோடு, ஆறாவது மேசைக்கு வந்து சேர்ந்தது. அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. 10.8 தலைமேல் பென்சில் இறங்கவில்லை.

அவர் ஒரு துண்டுத்தாளில் கணக்கிட்டார். பத்து மாதம் இருபத்து நான்கு நாள். ஆண்டு முடிய இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கும்போது அந்த ஆறு பிரிவுகளிலும் ஏற்பாடு தீர்ந்துவிடும். இருநூற்று எண்பது நோயாளிகள், வாரம் மூன்று முறை. முப்பத்தாறு நாளுக்கு நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் முறை. ஒரு வாரம் தவறினாலே உயிர் ஊசலாடும் உடம்புகள் அவை.

துணைச் செயலரின் அறைக்குத் தாளோடு போனார். கதவருகே கோப்புகளுடன் காத்திருந்த எங்களில் இருவர் கேட்டதை இங்கே பதிவு செய்கிறோம். துணைச் செயலர் தாளைப் பார்த்ததும் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு பேனாவைத் திறந்து வழியும் சொன்னார்.

“இதுல என்ன மேடம்? மாசத்தைப் பன்னிரண்டுன்னு மாத்திட்டு, மாசக் கட்டணத்துல பத்துல ஒண்ணைக் குறைச்சுப் போட்டுடுங்க. தொகை அதேதான் வரும்.”

“கட்டணம் ஒப்பந்தத்துல இருக்கு சார். அது குறையாது. குறையறது நாள்தான்.”

“அதை அப்போ பார்த்துக்கலாம். இப்போ புத்தகம் அசிங்கமா இல்லாம இருந்தாச் சரி.”

“புத்தகம் முழுக்க இந்த ஒரு வரிதான் சார் உண்மையைச் சொல்லுது. அதைப் போய்த் திருத்தச் சொல்றீங்களே.”

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாத் தாள்களிலும் குறைந்தது பணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மற்ற ஆயிரம் தாள்களிலும் யாரோ ஒருவரின் நாள்தான் குறைந்திருந்தது. தொகை என்ற போர்வைக்கு அடியில் அது தெரியவில்லை. இந்த ஒரு தாளில் மட்டும், கணினியின் தவறால், போர்வை விலகிவிட்டது. துணைச் செயலர் கேட்டது திருத்தம் அன்று; போர்வையை இழுத்து மூடச் சொன்னார்.

மூட மாட்டேன் என்றார் கண்காணிப்பாளர். பன்னிரண்டு மாதத்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் 10.8 என்றே அச்சாகட்டும், அவையில் இருப்பவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்றார். குரல் உயரவில்லை. துணைச் செயலர் நாற்காலியில் சாய்ந்து, இன்று நினைத்தாலும் எங்களுக்கு உடம்பு கூசும் ஒரு கேள்வியைக் கேட்டார்.

“உங்க சொந்தக்காரங்க யாராவது அந்த மெஷின்ல படுத்திருக்காங்களா?”

“யாரோ ஒருத்தரோட சொந்தக்காரங்கதான் சார் படுத்திருப்பாங்க.”

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எங்களுக்கு வாய் கூசுகிறது. சொல்லாவிட்டால் இந்த மடலும் அச்சடித்த மாதிரி ஆகிவிடும். அன்று பிற்பகலே அந்தத் தாள் அவருக்குத் தெரியாமல் மாற்றப்பட்டது. மாதம் பன்னிரண்டாகவும், கட்டணம் பத்தில் ஒன்று குறைந்ததாகவும் தட்டச்சானது. துணைச் செயலர் உத்தரவிட்டார், விரல்கள் எங்களுடையவை. அந்தத் திருத்தத்தைச் செய்த கணினி இயக்குநரே இந்த மடலை இப்போது உங்கள் எல்லோர் முன்னும் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறார். வாசிக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

தொகுதியின் கடைசிப் பக்கத்தில் ‘சரிபார்த்தேன், சரி’ என்று கண்காணிப்பாளர் கையொப்பமிட்டால்தான் அச்சுக்குப் போகும். மறுநாள் அந்தப் பக்கம் அவர் மேசைக்கு வந்தது. அவர் மீண்டும் அந்தத் தாளைப் பிரித்தார். கட்டணத்தைப் பார்த்தார். எங்களை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அது கருணையா கோபமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கோப்பை எடுத்துக் குறிப்புப் பக்கத்தில் தன் கையால் இப்படி எழுதினார்:

‘இந்தத் தாளில் மாதக் கட்டணம் என்று காட்டியுள்ள தொகை ஒப்பந்தத்தில் உள்ள கட்டணம் அன்று. ஒப்பந்தப்படி இந்த ஒதுக்கீடு பத்து மாதம் இருபத்து நான்கு நாளுக்கே போதும். எஞ்சிய முப்பத்தாறு நாளுக்கு இருநூற்று எண்பது நோயாளிகளுக்கு ஏற்பாடு இல்லை. ஆகவே சரி என்று கையொப்பமிட என்னால் இயலாது. குறைக்கத் தக்க வேறு இனங்களின் பட்டியல் இணைப்பில் உள்ளது.’

எழுதியதை எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, இதில் எண் ஏதாவது தப்பா இருக்கா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். அத்தனை பேரும் சொன்னோம். சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. போடுகிறேன் என்று எங்களில் ஒருவரும் எழவில்லை. ஒருவருக்கு வீட்டுக் கடன். ஒருவருக்கு வரவிருந்த பதவி உயர்வு. ஒருவருக்குத் தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம். காரணங்கள் அனைத்தும் உண்மையானவை. உண்மையான காரணங்களோடு உட்கார்ந்திருந்தோம்.

கோப்பில் எண்ணிட்ட பக்கத்தைக் கிழிக்க முடியாது. ஆகவே குறிப்பு மேலே போயிற்று. மூன்றாம் நாள் அவர் கீழே போனார். நிர்வாக நலன் கருதி உடனடி மாறுதல். அடித்தளத்தில் படிவக் கிடங்கு. சன்னல் இல்லை. கூரையோடு ஓடும் கழிவுநீர்க் குழாய், தரையிலிருந்து கூரை வரை கட்டுக்கட்டாகப் படிவங்கள், ஒரு மேசை, ஒரு நாற்காலி. முப்பது ஆண்டு அனுபவத்தை அரசு எங்கே பயன்படுத்திக்கொண்டது என்று வருங்காலத்தில் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்: காகிதம் நனையாமல் பார்த்துக்கொள்ளப் பயன்படுத்தியது.

இரண்டு வாரம் கழித்து, பொறுப்பேற்றுச் சில நாளே ஆன புதிய செயலர் கோப்பை முதலிலிருந்து படித்தார். முதலிலிருந்து படிக்கிற செயலரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. குறிப்பு எழுதியவர் எங்கே என்று கேட்டார். கிடங்கிலிருந்து அழைத்து வந்தார்கள். முழங்கையில் தூசியோடு வந்து நின்றார். வரவு இல்லாதபோது எதையுமே குறைக்காமல் எப்படி ஓட்டுவது என்று செயலர் சற்றுக் கடுமையாகவே கேட்டாராம்.

“குறைக்க வேண்டாம்னு நான் சொல்லலை சார். எதைக் குறைச்சோம்னு சொல்லிட்டுக் குறைங்கன்னு சொல்றேன்.”

பட்டியலை விரித்தார். தலைமை அலுவலகத்தின் புதிய முகப்புக்கு வாங்கவிருந்த கண்ணாடிச் சுவரை இரண்டு ஆண்டு தள்ளிப் போடலாம். ஆண்டு நிறைவு விளம்பரங்களை நிறுத்தலாம். காலம் முடிந்த பிறகும் ஆண்டுதோறும் பழக்கத்தில் நீட்டிக்கப்படும் மூன்று வரிச் சலுகைகளை நீட்டிக்காமல் விடலாம். நெருக்கடிக்கென்று ஒதுக்கி வைத்த நிதியில் ஒரு பகுதியை எடுக்கலாம். எடுக்கும்போதே, எந்த ஆண்டில் எப்படித் திருப்பி நிரப்புவோம் என்று அதே பக்கத்தில் எழுத வேண்டும். எங்கள் பிரிவுக்குக் கேட்டிருந்த புதிய மேசை நாற்காலிகள் பட்டியலில் முதல் வரி. அவர் ஆசைப்பட்டுக் கேட்ட அலமாரியும் அதில்தான் இருந்தது.

பட்டியலில் பாதி ஏற்கப்பட்டது. இரத்தச் சுத்திகரிப்புக்குப் பன்னிரண்டு மாதமும் ஒப்பந்தக் கட்டணமும் திரும்பி வந்தன. அந்த ஆண்டின் கடைசி முப்பத்தாறு நாளும் ஆறு பிரிவுகளும் திறந்திருந்தன. தம் நாள்கள் ஒரு கட்டத்துக்குள் பத்துப் புள்ளி எட்டாக எழுதப்பட்டுக் கிடந்தன என்பது அங்கே படுத்திருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மற்றப் பாதி ஏற்கப்படவில்லை. கண்ணாடிச் சுவர் எழுந்தது. நீங்கள் எல்லோரும் இன்று உள்ளே வந்தது அதன் வழியாகத்தான், பளபளப்பாக இருக்கிறது.

முப்பத்தாறு நாளைக் காத்தவருக்குப் பரிசாக என்ன கிடைத்தது? செயலர் ஐந்தாம் மாதம் மாற்றலாகிப் போனார். கண்காணிப்பாளரைப் பிரிவுக்குத் திருப்பி அழைக்கும் ஆணை தயாராகி வருகிறது என்றார்கள். நான்கு ஆண்டுகளாகத் தயாராகி வருகிறது. பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு முறை அவர் பெயரைத் தாண்டிச் சென்றார்கள். மேலதிகாரி இரகசியமாக எழுதும் மந்தண அறிக்கையில் ‘ஒத்துழைக்கும் இயல்பு குறைவு’ என்று ஒரு வரி. ஒத்துழைப்பது வேறு, ஒத்து ஊதுவது வேறு என்ற வேறுபாடு தெரியாதவர்கள் தமிழில் அறிக்கை எழுதாமல் இருப்பது மொழிக்கு நல்லது. அந்த ஆண்டின் நெருக்கடியைத் திறம்படச் சமாளித்ததற்காகத் துணைச் செயலருக்கு நற்சான்றும் பதவி உயர்வும் கிடைத்தன. இன்று வர இயலவில்லை என்று வாழ்த்துச் செய்தி அனுப்பியிருக்கிறார். அதிலும் புன்னகை மாறா முகம் இருக்கிறது.

கிடங்கிலாவது சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. சேர்ந்த இரண்டாம் மாதமே கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, பதினொரு ஆண்டுகளுக்கு முன் நீக்கப்பட்ட ஒரு வரிக்கான படிவம் இன்னும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் அச்சாகி வந்து அடுக்கப்படுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கடிதத்தில் அதை நிறுத்தினார். எல்லாத் துறைகளிலும் எழுதுபொருளில் பத்து விழுக்காடு குறைத்து மிச்சம் பிடித்ததைவிட அந்த ஒரு கடிதத்தில் மிஞ்சியது அதிகம். அதற்கு நற்சான்று வரவில்லை. காகித ஒப்பந்தக்காரரிடமிருந்து ஒரு புகார் வந்தது.

ஆதாரம் முடிந்தது. இனி மீண்டும் தங்களைப் பார்த்தே பேசுகிறோம்.

அக்கா, இந்த நான்கு ஆண்டுகளும் மின்தூக்கியில் தங்களைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் பிள்ளைகளின் படிப்பு பற்றியும் கால் வலி பற்றியும் பேசினோம். தாங்களும் அதையே பேசினீர்கள். அடித்தளத்துக்குத் தாங்கள் ஒரு பொத்தானை அழுத்துவீர்கள், மூன்றாம் மாடிக்கு நாங்கள் ஒன்றை அழுத்துவோம். அவ்வளவுதான். எங்களைத் தாங்கள் ஒருமுறையாவது திட்டியிருக்கலாம். மன்னிப்புக் கேட்க இது மேடை இல்லை. மடலில் கேட்கும் மன்னிப்பைச் சட்டம் போட்டு மாட்டுவதும் முறையில்லை. நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம்.

சென்ற வாரம் மீண்டும் சுற்றறிக்கை வந்தது. வரவு மீண்டும் சரிந்திருக்கிறது. மீண்டும் எல்லோருக்கும் அதிர்ச்சி. அதே இரண்டு வரிகள், தேதி மட்டும் புதிது. இம்முறை கணினி சரியாக வேலை செய்தது. எந்தத் தாளிலும் மாதம் குறையவில்லை, எல்லாம் அழகாகத் தொகையில் குறைந்திருந்தது. நாங்கள் அந்த அழகைப் பிரித்தோம். நாற்பத்தொரு இனங்களுக்கு, பத்து விழுக்காடு போனால் ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதினோம். பார்வையற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து எந்தக் கிழமையில் நிற்கும், குடிநீரைச் சோதிக்கும் கூடம் எந்தத் தேதியில் பூட்டப்படும், காசநோய் மாத்திரை எந்த வாரத்தோடு தீரும் என்று வரிசையாக எழுதினோம். அவற்றுக்குப் பதில் எவற்றை நிறுத்தலாம் என்று வேறு பட்டியல் இணைத்தோம். வருவாய் மதிப்பீட்டில் எங்கே ஆசை கலந்திருக்கிறது என்பதையும் குறித்தோம். ஆறு நாள் ஆயிற்று. பதினெட்டு இடங்களில் தவறு செய்து திருத்தினோம். தாங்கள் இருந்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

அந்தக் குறிப்பு இன்று முற்பகல் பதினொரு மணிக்கு மேலே போய்விட்டது. அதில் கையெழுத்திட்டவர்கள் பதினான்கு பேர். முதல் கையெழுத்து இதை வாசிப்பவருடையது. வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறது, இரண்டு பேருக்குப் பதவி உயர்வு நிலுவையில் இருக்கிறது. யாருடைய காரணமும் தீர்ந்துவிடவில்லை. மேலே என்ன செய்வார்கள் என்பதும் தெரியாது. எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: படிவக் கிடங்கில் பதினான்கு நாற்காலிகள் போட இடமில்லை.

எனவே, கணக்கில் கண்ணும் கடமையில் கருத்துமாய்க் கழிந்த காலம் போதும். நாளை முதல் எந்தத் தாளும் தங்கள் மேசைக்கு வராது. காலையில் வெயிலில் நடங்கள். கணவரின் கடையில் போய் உட்காருங்கள். அவருடைய வாடிக்கையாளர்களின் அளவுகளைச் சரிபார்க்கத் தொடங்கிவிடாதீர்கள் என்று அவர் எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார், அதையும் சொல்லிவிட்டோம். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சூழ, நோய் அணுகாமல், மனம் சலிக்காமல், நெடுநாள் நிறைவாக வாழ வாழ்த்துகிறோம். மூன்றாம் மாடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது எங்கள் பாடு.

இப்படிக்கு,
வரவு செலவுத் திட்டப் பிரிவு ஊழியர்கள்,
இம்முறை கையெழுத்திட்ட பதினான்கு பேர்